மாத்திரை ஆரம்பித்ததும் வெள்ளையணு கூடுகிறதே, நிறுத்திவிடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 66. மூன்று வருடமாக சிஎல்எல் வகை ரத்தப் புற்றுநோய் இருக்கிறது. இதுவரை மருந்தில்லாமல் கண்காணித்து வந்த டாக்டர், ஹீமோகுளோபின் 9.4-க்கு இறங்கியதும் போன மாதம் இப்ருடினிப் மாத்திரை கொடுத்தார். நான்காவது வாரம் பார்த்தால் வெள்ளையணு 72,000-லிருந்து 1,38,000 ஆகிவிட்டது. அப்பா மாத்திரையே வேண்டாம் என்கிறார். ஸ்டென்ட் வைத்தவர், ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறார். ஒரே வருடத்தில் முடிகிற மருந்து வந்திருக்கிறதாமே, அதற்கு மாறலாமா?
- வாசகி, புதுக்கோட்டை

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். திடீரென விட்டால் சிலருக்கு நெறிக்கட்டிகள் சில நாட்களிலேயே மளமளவென வீங்கிவிடும்.

எண்ணிக்கை கூடியது பெரும்பாலும் மருந்து வேலை செய்வதன் அடையாளம்தான். இந்த நோயில் கெட்டுப்போன பி-லிம்போசைட்டுகள் ரத்தத்தில் மட்டும் இருப்பதில்லை. நிணநீர் முடிச்சுகள், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் ஒட்டிக்கொண்டு அங்கிருந்துதான் ஊட்டம் பெறுகின்றன. ஒட்டிக்கொள்ளவும் பெருகவும் அவற்றுக்கு பிடிகே என்ற புரதத்தின் சமிக்ஞை வேண்டும். இப்ருடினிப் அதைத்தான் முடக்குகிறது. கல்யாண மண்டபத்தில் பந்தியை நிறுத்திவிட்டால் உள்ளே இருந்த கூட்டமெல்லாம் தெருவுக்கு வந்துவிடும் அல்லவா, அந்தக் கதைதான். தெருவில் எண்ணினால் கூட்டம் கூடியதாகத்தான் தெரியும். வெளியே வந்த அணுக்கள் ஊட்டமின்றி மெல்ல மெல்ல மடியும். சிலருக்குச் சில மாதங்களில் எண்ணிக்கை இறங்கும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். தாமதமாக இறங்குவதால் மட்டும் பலன் குறைந்துவிடுவதில்லை.

இந்த மருந்தின் ஆரம்ப ஆய்வுகளில் மருத்துவர்களுக்கே இது தலைவலியாக இருந்தது. லிம்போசைட் கூடினால் நோய் முற்றிவிட்டது என்பது பழைய கணக்கு. அதை அப்படியே வைத்துக்கொண்டால், கழுத்துக் கட்டி கரைந்துவரும் நோயாளிக்குக்கூட 'மருந்து தோல்வி' என்றுதான் எழுத வேண்டும். அதனால் 2012-ல் மதிப்பீட்டு முறையையே திருத்த வேண்டியதாயிற்று. இவ்வகை மருந்துகளில், வேறு கெட்ட அறிகுறி எதுவும் இல்லாமல் லிம்போசைட் மட்டும் கூடினால் அதைத் தோல்வியாகக் கொள்வதில்லை.

ஆகவே ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஹீமோகுளோபினும் பிளேட்லெட்டும் எந்தப் பக்கம் போகின்றன? போன மாதம் போட முடியாத காலர் பட்டனை அப்பாவால் இப்போது போட முடிகிறதா? இடது விலாவுக்குக் கீழே இருந்த கனம் குறைந்திருக்கிறதா? கட்டிகள் பெரிதாகிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ கதை வேறு. உடனே டாக்டரிடம் போங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்துவது 1,38,000 அல்ல, ஸ்டென்ட்டுக்காக ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் அந்த இரண்டு மாத்திரைகள். இப்ருடினிப் தனியாகவே ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். கூட இரண்டு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இதயத் துடிப்பும் தாறுமாறாகலாம். இதய மருத்துவருக்கு இந்த மாத்திரை விஷயம் தெரியுமா? இரண்டு மருத்துவர்களும் பேசி, அந்த இரண்டில் ஒன்றை நிறுத்த முடியுமா என்று முடிவெடுக்கட்டும். ஸ்டென்ட் புதிதோ பழையதோ, அந்த மாத்திரைகளையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. இதே வகையில் பின்னால் வந்த அகாலாப்ருடினிப், ஜானுப்ருடினிப் இரண்டிலும் துடிப்புக் கோளாறு குறைவு என்பது இப்ருடினிப்புடன் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளில் தெரிந்தது. உங்கள் அப்பாவுக்கு இதைக் கேட்டுப் பார்ப்பது நியாயமே. ஆனால் இப்ருடினிப்புக்கு இங்கே ஜெனரிக் கிடைக்கிறது, செலவையும் பார்த்தாக வேண்டும்.

மலம் தார் போலக் கறுத்தால், மூக்கில் ரத்தம் நிற்காவிட்டால் காத்திருக்க வேண்டாம். பல் பிடுங்குவதாக இருந்தாலும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள்; சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சில நாள் மாத்திரையை நிறுத்தச் சொல்வார். பம்பளிமாஸ் வேண்டாம், மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். கிளாரித்ரோமைசின், படர்தாமரைக்குக் கடையில் கேட்டு வாங்கும் இட்ராகோனசோல் இரண்டும் அப்படித்தான். ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்யாமல் விட்டிருந்தால் இப்போதாவது செய்துவிடுங்கள்.

ஒரே வருடத்தில் முடிகிறது என்று நீங்கள் கேள்விப்பட்ட மருந்து வெனிடோக்ளாக்ஸாக இருக்கும். புற்றணு சாகாமல் தடுக்கும் பிசிஎல்-2 புரதத்தை அது முடக்குகிறது. முதல் சிகிச்சையாக ஒபினுடுசுமாப் ஊசியோடு சேர்த்து 12 மாதத்தில் முடிப்பது உண்மைதான். அகாலாப்ருடினிப்போடு சேர்த்து, மாதத்துக்கு ஒன்றாக 14 சுற்றுகளில் முடிக்கும் முறையும் ஆய்வில் பழைய கீமோவை வென்றது; ஆனால் புற்றணுவில் 17பி குறைபாடு (17-வது குரோமோசோமின் ஒரு துண்டு இல்லாமல் போவது), டிபி53 பிறழ்வு (ஒரு மரபணுக் கோளாறு) உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அப்பாவுக்கு இந்த இரண்டு பரிசோதனைகளும் செய்தார்களா என்று பைலில் தேடிப் பாருங்கள். மாறுவதோ தொடர்வதோ, அந்த விடை தெரியாமல் பேசிப் பயனில்லை.

வெனிடோக்ளாக்ஸில் புற்றணுக்கள் கொத்துக் கொத்தாக ஒரேயடியாக உடைந்து, பொட்டாசியமும் யூரிக் அமிலமும் ஏறிச் சிறுநீரகத்தையும் இதயத்தையும் பாதிக்கக்கூடும். அதனால் 20 மி.கி.யில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு படியாக 50, 100, 200 என ஏறி ஐந்தாவது வாரம்தான் 400-க்குப் போவார்கள். தொடக்கப் படிகளில் மாத்திரை போட்ட 6 முதல் 8 மணி நேரத்திலும் மறுநாளும் ரத்தம் எடுத்து, ரிசல்ட்டை உடனே பார்க்க வேண்டும். வெள்ளையணு இவ்வளவு இருக்கும்போது அட்மிட் செய்தே தொடங்கச் சொல்லலாம். அன்றிரவே பொட்டாசியம் ரிப்போர்ட் தரும் லேப் உள்ள மருத்துவமனைக்கு ஐந்து வாரம் போய்வர அப்பாவால் முடியுமா, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு என்பதை டாக்டரிடம் பேசுங்கள். அதுவரை இப்ருடினிப் தொடரட்டும்.