கீழே வர மறுக்கும் அம்மா

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

என் அம்மாவுக்கு வயது 68. கோத்தகிரிக்கு அருகே ஒரு சிற்றூரில் தனியாக இருக்கிறார். இலங்கை மலையகத்தில் பிறந்தவர். அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி எழுபதுகளில் பெற்றோரோடு நீலகிரிக்கு வந்து சேர்ந்தார். அன்று தொடங்கிய கொழுந்து பறிக்கும் வேலை ஓய்வுபெற்ற பிறகும் நிற்கவில்லை. அக்கம்பக்கத்துச் சிறு தோட்டங்களுக்கு நாள் கூலிக்குப் போகிறார். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். தம்பி ஓசூரில் இருக்கிறான்.

அம்மாவுக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உண்டு. போன முறை ஊருக்குப் போனபோது அரிசி டின்னுக்குப் பின்னால் மாத்திரைகள் அட்டை அட்டையாகப் பிரிக்காமலே கிடந்தன. கேட்டதற்கு, "காலையில் மாத்திரை போட்டால் அடிக்கடி ஒன்றுக்கு வருகிறது. தேயிலைக் காட்டில் நான் எங்கே போவேன்?" என்றார். தண்ணீரும் குடிப்பதில்லையாம். குளிருக்கு அடுப்போரம் காலை நீட்டி உட்கார்ந்ததில் இடது கால் விரலில் கொப்புளம் கண்டு உடைந்திருக்கிறது. மஞ்சளை அப்பித் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். "வலியே இல்லை, அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி?" என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

"என்னோடு திருப்பூருக்கு வந்துவிடும்மா" என்று எத்தனையோ முறை கெஞ்சிவிட்டேன். மூன்று வருடங்களுக்கு முன் நெஞ்சுவலி என்று அப்பாவைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனோம், உயிரோடு திரும்பவில்லை. அதைச் சொல்லிக்காட்டி வாயை அடைத்துவிடுகிறார். இரவில் போன் அடித்தாலே நெஞ்சு பதறுகிறது. அவர் மேல் கோபமாகவும் வருகிறது, அழுகையாகவும் வருகிறது. நான் என்ன செய்வது?

— ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் பிறகு, முதலில் அந்தக் கால் விரல். நீண்ட காலச் சர்க்கரை நோய் பாத நரம்புகளைக் கெடுத்து உணர்ச்சியைக் குறைத்துவிடும். சூடு பட்டபோது அம்மாவுக்கு உறைக்காததும், இப்போது வலி இல்லாததும் அதனால் இருக்கலாம். புண் சிறியது என்பதற்கு அது அடையாளம் ஆகாது. இந்த வாரமே ஒரு மருத்துவர் அந்தக் காலைப் பார்க்க வேண்டும். மஞ்சள் பத்து வேண்டாம். புண்ணைச் சுற்றிக் கறுத்தாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே போயாக வேண்டும். அடுப்பில் கால் காய்வதை நிறுத்தி, தடித்த காலுறை போடச் சொல்லுங்கள். வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பார்க்கட்டும். விரலிடுக்குகளைத் தினமும் ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி அந்தப் பக்கத்து வீட்டு அக்காவைக் கேளுங்கள். அவர் உங்களுக்குக் கிடைத்த பெரிய துணை.

இனி அம்மாவின் மறுப்புக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் மூன்று மறுப்புகள் இருக்கின்றன. மாத்திரை வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம், திருப்பூர் வேண்டாம். மூன்றையும் ஒரே பிடிவாதமாகப் பார்ப்பதால்தான் உங்களுக்கு மலைப்பாக இருக்கிறது. எனக்கு அவை வேறு வேறாகத் தெரிகின்றன.

மாத்திரையை அவர் தவிர்ப்பதற்குச் சொன்ன காரணம் முழு நியாயமானது. கழிப்பறை இல்லாத தேயிலைச் சரிவில் நாள் முழுக்க நிற்கும் ஒரு பெண்ணின் கவலை அது. அந்தக் காரணம் எந்த மருத்துவரின் காதுக்கும் போயிருக்காது என்று நினைக்கிறேன். இரத்தக் கொதிப்புக்கான சில மாத்திரைகள் சிறுநீரை அதிகம் பிரிக்கும். சர்க்கரை ஏறியிருந்தாலும் அப்படி ஆகும். மருந்தை மாற்றலாமா, நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக மாற்றிக் கொடுக்காதீர்கள். மாத்திரை வாங்கக் கூலியை விட்டு வரிசையில் நிற்க வேண்டும் என்பதும் ஒரு தடையாக இருந்தால், 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இந்த இரண்டு நோய்களுக்கும் மருந்து வீட்டுக்கே வரும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரி பயம் வேறு. மலையிலிருந்து இறக்கிக் கொண்டுபோன கணவர் பிணமாக வந்ததை அவர் பார்த்திருக்கிறார். அந்தப் பயத்தைத் தர்க்கம் பேசிக் கரைக்க முடியாது. "அப்பாவைக் கொண்டுபோன அன்று உனக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள். உங்கள் குடும்பத்தில் அந்தச் சாவைப் பற்றி யாருமே இன்னும் உட்கார்ந்து பேசவில்லையோ என்று எனக்குத் தோன்றுகிறது.

திருப்பூர்ப் பேச்சைக் கொஞ்ச நாளைக்கு அடியோடு விட்டுவிடுங்கள். உங்கள் அம்மா பிறந்த மண்ணை விட்டுக் கப்பலேறியபோது சிறு பெண். இரண்டு அரசாங்கங்கள் போட்ட 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவருடைய வாழ்க்கையைப் பெயர்த்து நட்டது. அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வேரூன்றிய பிறகு மறுபடியும் கிளம்பு என்றால், அதுவும் பெற்ற பிள்ளையே சொன்னால், அவர் எதிர்க்கத்தான் செய்வார். வைத்தியத்துக்குச் சம்மதித்தால் வீட்டையும் விட வேண்டியிருக்கும் என்று அவர் நினைப்பதற்கு இடமிருக்கிறது. "நீ இங்கேயேதான் இருப்பாய். இங்கே இருப்பதற்குக் கால் வேண்டும், அதற்காகத்தான் டாக்டர்" என்று சொல்லிப் பாருங்கள். சொன்னதைக் காப்பாற்றவும் வேண்டும். கோத்தகிரி அரசு மருத்துவமனையில் காட்டலாம். பெரிய மருத்துவம் தேவைப்பட்டாலும் ஊட்டியிலேயே இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எடுத்ததற்கெல்லாம் கோயம்புத்தூர் போக வேண்டியதில்லை என்பதே அவருக்குப் பாதி தைரியத்தைத் தரும்.

ஒன்றைக் கவனியுங்கள். சொன்னதையே திரும்பச் சொல்வது, அடுப்பில் வைத்ததை மறப்பது, சாப்பாட்டில் நாட்டமின்மை, "இருந்து என்ன ஆகப்போகிறது" என்ற பேச்சு இவையெல்லாம் இருந்தால் மறதி நோயோ மனச்சோர்வோ இருக்கக்கூடும். வெளியே பார்க்க இரண்டும் பிடிவாதம் போலவே தெரியும். மருத்துவரிடம் இதையும் சொல்லுங்கள்.

தெளிவான புத்தியோடு அவர் எடுக்கும் முடிவை நீங்கள் வலுக்கட்டாயமாக மாற்ற முடியாது. அதைத் தாங்கிக்கொள்வது மகளுக்குக் கொடுமையானதுதான். ஆனால் வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, நெஞ்சு அழுத்தினாலோ, எழுப்பியும் தெளியாமல் கிடந்தாலோ உடனே 108. இதை அக்காவிடமும் இப்போதே சொல்லி வையுங்கள்.

உங்கள் தம்பி ஓசூரில் இருக்கிறார் என்ற ஒரு வரிக்கு மேல் அவரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. தினசரி போன் பேசுவதை இருவரும் முறைவைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். அடுத்த மருத்துவப் பரிசோதனைக்கு அவர் அழைத்துப் போகட்டும். அம்மாவிடம் பேசும்போதெல்லாம் மாத்திரையையே விசாரிக்காதீர்கள். இன்று எத்தனை கிலோ பறித்தாய், மழை உண்டா என்றும் கேளுங்கள். உங்களுக்குத் தூக்கம் கெட்டு, பதற்றம் வேலையையும் பாதித்தால், 14416 என்ற டெலிமனாஸ் (அரசின் மனநல ஆலோசனை) எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. கால் பற்றி மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.