வலுவிழந்த புயலும் ஊத்தங்கரையும்

அன்புள்ள ஐயா,

ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். 2024 டிசம்பர் 1-ஆம் தேதி ராத்திரி எங்கள் பக்கம் பெய்த மழை உங்களுக்கும் தெரியும். ஃபெஞ்சல் புயல் முந்தின நாளே புதுச்சேரி அருகே கரையைக் கடந்து வலுவிழந்துவிட்டது என்று டிவியில் கேட்ட பிறகுதான் படுத்தோம். விடிந்து பார்த்தால் பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் ஏரித்தண்ணீர் இழுத்துப் போட்டிருந்தது. சூடான கடல்தான் புயலுக்குத் தீனி என்று நான் பாடம் நடத்துகிறேன். கடலே இல்லாத ஊரில், வலுவிழந்த புயல் எப்படி 50 செ.மீ. கொட்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். "லிபியாவில் டெர்னா ஊரை அழித்ததும் புயல்தானே டீச்சர், அது குளிர்ந்த கடல்தானே?" என்கிறான் ஒரு பையன். என்ன சொல்லட்டும்?

ஊத்தங்கரை வாசகி

அன்புள்ள டீச்சர்,

அன்று ராத்திரி நான் அரூரில் இருந்தேன். இங்கே 33 செ.மீ. மழை. எனக்கு இன்றும் மறக்காதது, காற்றே இல்லாமல் அது பெய்த விதம். ஒரு சன்னல் கதவுகூட அடித்துக்கொள்ளவில்லை. எதிர்வீட்டுப் புளியமரம் கிளை அசையாமல் நின்றது. தண்ணீர் மட்டும் நேராக இறங்கிக்கொண்டே இருந்தது.

உங்கள் பிள்ளைகளின் முதல் கேள்விக்கு அந்தப் புளியமரமே பதில். 'வலுவிழந்தது' என்று வானிலை மையம் சொல்வது காற்றின் வேகத்தை வைத்து. மணிக்கு 62 கி.மீ. எட்டினால் புயல். 50 முதல் 61 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம். அந்த ஏணியில் மழைக்கு ஒரு படிகூடக் கிடையாது. நாமோ அந்தச் சொல்லைக் கேட்டு, மழையும் ஓய்ந்துவிடும் என்று எடுத்துக்கொள்கிறோம். இது எனக்கு நெடுநாளாக உள்ள ஆதங்கம். கடலோரத்துக்காரர்களுக்குக் காற்றின் கணக்கு உயிர்காக்கும். நம் மாவட்டங்களுக்கு வேண்டியது தண்ணீரின் கணக்கு.

புயல் உருவாவதைச் சொல்ல உங்கள் வீட்டு அடுப்படியே போதும். மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது? பானையில் கசியும் ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போகிறது. இட்லிக் குண்டானைத் திறந்ததும் ஆவி ஏன் கையைச் சுடுகிறது? அது தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போது, எடுத்துக்கொண்டு போன வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 வரை சூடாக்க 100 கலோரி போதும். கடல்மேல் அதே ஒரு கிராம் ஆவியாக 580 கலோரிக்கு மேல் வேண்டும். அவ்வளவும் மேகத்துக்குள் போய்த்தான் வெளிவருகிறது.

வங்கக்கடல் 26, 27 டிகிரிக்கு மேல், அதுவும் மேற்பரப்பில் மட்டும் என்றில்லாமல் ஐம்பது மீட்டர் ஆழம்வரை சூடாக இருக்கும்போது இந்த வேலை தொடங்குகிறது. மேலே போன ஆவி குளிர்ந்து மழையாகும். விட்ட வெப்பம் சுற்றியுள்ள காற்றை லேசாக்கும். கீழே அழுத்தம் குறையும். நாலாபுறத்துக் காற்றும் அந்த இடத்தை நோக்கி ஓடிவரும். பூமி சுழல்வதால் அது நேராக வராமல் வளைந்து சுற்றும். நிலநடுக்கோட்டை ஒட்டி அந்த வளைவு மிகக் குறைவு, அதனால் அங்கே புயல் பிறப்பது அபூர்வம். இனி வருவதுதான் முக்கியம். காற்று வேகமாக வீசவீசக் கடலிலிருந்து ஆவி இன்னும் அதிகமாக எழும். ஈரத்துணி காற்றடித்தால் சீக்கிரம் காய்கிற அதே சங்கதி. ஆவி கூடினால் வெப்பம் கூடும், வெப்பம் கூடினால் காற்று கூடும். தன் தீனியைத் தானே தேடிக்கொள்ளும் சுழற்சி இது. உயரத்தில் வேறு திசையில் பலமான காற்று வீசினால் மட்டும் மேலெழும் அந்த ஆவித்தூண் சாய்ந்து, சேர்த்த வெப்பம் சிதறிவிடும்.

இப்போது அந்தப் பையனின் கேள்வி. கெட்டிக்காரப் பையன். கீழே சூடு, மேலே குளிர் என்ற இடைவெளிதான் இந்த எந்திரத்தை ஓட்டுகிறது. வங்கக்கடலில் கீழ்ப்பக்கச் சூட்டால் அந்த இடைவெளி கிடைக்கிறது. மத்தியதரைக் கடலில் ஐரோப்பாப் பக்கமிருந்து கடுங்குளிர்க் காற்று உயரத்தில் ஒரு குளம்போலத் தேங்கிவிட்டால், கடல் அவ்வளவு சூடாக இல்லாவிட்டாலும் இடைவெளி கிடைத்துவிடும். 1995 ஜனவரியில், நடுக்குளிர்காலத்தில், அங்கே நம் புயலைப் போலவே கண்ணோடு ஒன்று சுழன்றது. செயற்கைக்கோள் படத்தில் அப்படியே தெரிந்தது. மத்தியதரைக் கடல், ஹரிக்கேன் (அட்லாண்டிக் பக்கம் பலத்த புயலுக்குச் சொல்லும் பெயர்) இரண்டின் ஆங்கிலப் பெயர்களையும் ஒட்டி அவற்றுக்கு மெடிகேன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டெர்னாவுக்கு வந்த டேனியல் புயல் 2023 செப்டம்பரில், கோடை முடியும் நேரத்தில் வந்தது. அப்போது அந்தக் கடலும் நன்றாகவே சூடாகியிருந்தது. லிபியாவின் அல்-பைதாவில் ஒரே நாளில் 41 செ.மீ. மழை. டெர்னாவுக்கு மேலே இருந்த இரண்டு அணைகளும் ராத்திரியில் உடைந்து, ஆயிரக்கணக்கானவர்கள் தூக்கத்திலேயே போனார்கள். அங்கேயும் கொன்றது தண்ணீர்தான்.

ஊத்தங்கரைக்கு வருகிறேன். தரையேறிய புயலுக்கு ஆவி வரத்து குறையும், தரையின் உராய்வும் சேர்ந்து காற்றை அடக்கும். ஆனால் ஏற்கெனவே சேர்ந்த ஈரம் எங்கே போகும்? ஃபெஞ்சல் மிக மெதுவாக நகர்ந்தது. கரையைக் கடந்தபின் புதுச்சேரியை ஒட்டி மணிக்கணக்கில் நின்று, அங்கே 46 செ.மீ-க்கு மேல் பெய்தது. பிறகு மேற்கே நம் பக்கம் வந்தபோதும் கிழக்கே வங்கக்கடலிலிருந்து ஈரக்காற்றை இழுத்துக்கொண்டேதான் வந்தது. ஒருபுறம் ஜவ்வாது மலை, மறுபுறம் கல்வராயன், சித்தேரி மலைகள். ஈரக்காற்று மலையில் ஏறினால் குளிரும், குளிர்ந்தால் கொட்டும். ஊத்தங்கரையில் டிசம்பர் 2 காலை எடுத்த கணக்கு 503 மி.மீ. நமக்கு வருடம் முழுக்கப் பெய்வதில் பாதிக்கு மேல், ஒரே நாளில். ஒரு ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் இருபது லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி என்றால் சுமார் 170 லாரி, ஒரு ஏக்கருக்கு மட்டும்! இதைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள், மனதில் நிற்கும். அந்தத் தண்ணீர் பாம்பாறு வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து சாத்தனூர் அணைக்குப் போனது. அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். கடலிலிருந்து எழுந்தது கடலூரில் கடலுக்கே திரும்பியது, வழியில் இருந்த ஊர்களை முக்கிவிட்டு.

காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பதையும் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 503 என்பது ஒரு மழைமானி சொன்ன எண். நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் உங்கள் ஊரில் எவ்வளவு பெய்தது என்று யாரும் அளக்கவில்லை. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள எவர்சில்வர் டப்பா ஒன்றை, மரமும் சுவரும் மறைக்காத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். பெயின்ட் வாளி வேண்டாம், அது அடியில் குறுகும், கணக்கு தப்பும். தினமும் காலை 8.30-க்கு அளவுகோலை விட்டுப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். வானிலை மையத்தின் நேரமும் அதுதான். கனமழை என்றால் ராத்திரியிலும் ஒருமுறை அளந்து கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் டப்பா நிரம்பி வழிந்துவிடும். என் மொட்டைமாடியிலும் ஒன்று இருக்கிறது. வருகிற ஐப்பசி, கார்த்திகைக் கணக்கை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அரூரையும் உங்கள் ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.