ஆசை காட்டுவது யார்?

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு குடும்பம் புதிதாகச் சர்ச்சுக்குப் போகிறது. பிறந்த மதத்தில் இருப்பதுதானே இயல்பு? ஏதோ ஆசை காட்டித்தானே மாற்றியிருப்பார்கள்?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: 'ஆசை' என்று ஒரு வார்த்தை போட்டீர்களே, அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

முதலில் பிறப்பு. காயல்பட்டினத்தில் பிறந்த பையன் பள்ளிவாசலுக்குப் போகிறான், திருச்செந்தூர்ப் பையன் காவடி எடுக்கிறான், அதற்குத் தெற்கே மணப்பாட்டுப் பையன் திருச்சிலுவைக் கோயிலுக்குப் போகிறான். ஒரே கடற்கரை. மூவரில் யாரும் யோசித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. மணப்பாட்டுப் பையனின் முன்னோர்களான பரதவர்கள், கடலோடிச் சாதிக்காரர்கள், 1530களில் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றவர்கள். முத்துக்குளிப்பில் வந்த சண்டையில் உயிருக்கும் தொழிலுக்கும் பாதுகாப்பு வேண்டியிருந்தது. கொச்சிக்கு ஆள் அனுப்பி போர்ச்சுகீசியரிடம் கேட்டார்கள். பிரான்சிஸ் சவேரியார் என்ற பாதிரியார் வந்து ஜெபம் சொல்லிக்கொடுத்தது அப்புறம்தான், 1542இல். அந்தப் பையனுக்கு இன்று அது பிறந்த மதம்.

1981இல் தென்காசிப் பக்கம் மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கான தலித்துகள் இஸ்லாத்துக்கு மாறியபோது, வளைகுடாப் பணம் என்று டெல்லி வரை கூச்சல் போட்டார்கள். சாதி இழிவு தாங்கவில்லை என்று அந்த மக்கள் சொன்னது எத்தனை பேர் காதில் விழுந்தது?

நிஜமாகவே ஆசையும் காட்டி பயமும் காட்டுவது அரசாங்கம். பல தடவை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். 1950ஆம் வருடத்துப் பட்டியல் சாதி ஆணைப்படி, இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரை. கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றும் வெளியே. மாறினால் இடஒதுக்கீட்டுச் சலுகை போகும். திரும்பி வந்து, சாதிக்காரர்களும் ஏற்றுக்கொண்டால் மறுபடி கிடைக்கும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அரிசி மூட்டை கொடுத்து மாற்றுகிறார்கள் என்று சண்டைக்கு வருகிறவர்கள், கல்லூரி இடத்தையும் அரசு வேலையையும் வைத்து ஒருவரை ஒரே மதத்தில் கட்டிப்போடுவதைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை?

தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஆதிதிராவிடராக இருந்து கிறிஸ்தவரானவர்கள் எத்தனை தலைமுறை ஆனாலும் அதில் 'மதம் மாறியவர்கள்'தான். தாத்தாவுக்குத் தொட்டிலிலேயே ஞானஸ்நானம் கொடுத்திருந்தாலும் பேத்தியின் சான்றிதழில் அந்த வார்த்தை நிற்கிறது. பிறந்த மதம் என்கிறீர்களே, அந்தப் பெண்ணுக்கு அது எந்த மதம்?

சர்ச்சுகளையும் சும்மா விட முடியாது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்துச் சுவர் கட்டினார்கள். செத்த பிறகும் தீட்டு. இதை எழுதினால் சில பாதிரியார்களுக்கு என்மேல் வருத்தம். பட்டுக்கொள்ளட்டும்.

சரி, உங்கள் தெருக் குடும்பம். ஏன் போகிறார்கள் என்று எனக்கு எழுதிக் கேட்கிறீர்கள். அவர்கள் வீட்டுக்குள் நீங்கள் ஒரு தடவையாவது போய் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறீர்களா?