மருந்தடித்த தோட்டமும் மறுநாள் பூவும்: நர்சம்மா பதில்கள்

மேலூர் பக்கம் கிராம செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவரை அங்கே எல்லோரும் நர்சம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வயல்வேலை செய்பவர்களின் உடல்நலம், கூலி பற்றிய கேள்விகளுக்கு அவர் சொன்ன பதில்கள் இவை.

கேள்வி (வாடிப்பட்டி): நெல்லுக்கு மருந்தடித்துவிட்டு வந்தால் தலை சுற்றுகிறது, எச்சில் ஊறுகிறது. வெயிலாலா?

பதில்: வெயிலிலும் தலை சுற்றும் தம்பி. எச்சில், கண்ணீர், வியர்வை எல்லாம் சேர்ந்து கொட்டி, கண்மணியும் சுருங்கினால் மருந்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். குடித்தால்தான் விஷம் என்றில்லை. முதுகில் டேங்க் கசிந்து சட்டை நனைந்தால் தோல் வழியாகவே ஏறிவிடும். உடனே சட்டையைக் கழற்றிப்போட்டு, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். மருந்து டப்பாவை லேபிளோடு கொண்டுபோங்கள். அட்ரோபின் என்ற முறிவு மருந்து போடுவதா, வேறு வைத்தியமா என்று டாக்டர் முடிவெடுக்க அது வேண்டும். எல்லாவற்றுக்கும் முறிவு கிடையாது. பாராகுவாட் களைக்கொல்லிக்கு இல்லவே இல்லை. டப்பாவில் இருக்கும் முக்கோணத்தில் சிவப்பு ரொம்பக் கொடியது, அப்புறம் மஞ்சள், நீலம், பச்சை. பச்சையும் விஷம்தான். மீந்த மருந்தைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.

கேள்வி: மருந்து உள்ளே போனால் பால் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

கேள்வி (திருமங்கலம்): அதே களையெடுப்புக்கு ஆம்பளைக்கு ஒரு கூலி, எங்களுக்குக் குறைச்சல். கேட்க முடியுமா?

பதில்: கேட்கலாம் தாயி. ஒரே வேலைக்குச் சமக் கூலி என்று 1976லேயே சட்டம் வந்துவிட்டது. மேல்விவரம் தொழிலாளர் துறையில் கேளுங்கள், அது என் பாடமில்லை. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனு கொடுக்கலாம். தனியாகப் போகாமல் நாலு பேராகப் போங்கள்.

கேள்வி (உசிலம்பட்டி): மல்லிகைத் தோட்டத்தில் சாயங்காலம் மருந்தடிக்கிறார்கள், விடியக்காலை நாங்கள் பூ எடுக்கிறோம். கையெல்லாம் அரிக்கிறது.

பதில்: அரிக்கத்தான் செய்யும். பனியில் நனைந்த மொட்டில் அந்த மருந்து கரைந்து கையில் ஒட்டுகிறது. அதே கையால் வெற்றிலை போடுகிறோம், மடியில் கட்டின பூத்துணி வயிற்றை நனைக்கிறது. முழுக்கைச் சட்டை போடுங்கள், சாப்பிடும் முன் சோப்பால் கழுவுங்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள். ஆனால் இதெல்லாம் அரைப் பாதுகாப்பு. மருந்தடித்த மறுநாள் அந்த வரிசையில் ஆள் இறங்கக் கூடாது.

ஒரு தோட்டக்காரர்: நர்சம்மா, மொட்டு ஒரு நாள் நிற்குமா? விரிந்துவிட்டால் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் யார் வாங்குவார்? மருந்தடிக்காவிட்டால் மொட்டுப்புழு தின்றுவிடும். ஆளுக்குக் கையுறை வாங்கித் தருகிறேனே.

பதில்: கையுறையோடு மொட்டுப் பிடிபடாது ஐயா. கிலோவுக்குக் கூலி வாங்குகிறவர் பத்தாவது நிமிடம் கழற்றிவிடுவார், அவர்மேல் தப்பில்லை. தோட்டத்தை இரண்டாகப் பிரித்து முறைபோட்டு அடியுங்கள். அடித்த பக்கத்தை லேபிளில் சொன்ன காலம் வரை விடுங்கள். என்றைக்கு அடித்தீர்கள் என்று பூ எடுப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். பாதித் தோட்டங்களில் அதைக்கூடச் சொல்வதில்லை.

கேள்வி: விஷம் குடித்தவருக்குப் புளிக்கரைசல்?

பதில்: பாலுக்குச் சொன்ன பதில்தான். மோருக்கும் அதேதான், அடுத்து அதைக் கேட்காதீர்கள். பாட்டில் சமாச்சாரத்தையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: உழவர் அட்டைக்கு?

பதில்: கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள்.

கேள்வி (அலங்காநல்லூர்): அறுப்பில் பாம்பு கடித்தால் கயிறு கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள், கீறாதீர்கள், பாம்பைத் தேடி அலையாதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல் விஷமுறிவு ஊசி இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அதே தோட்டக்காரர்: முறைபோட்டால் ஒரு பக்கத்துப் பூ வீணாகுமே. நட்டம் யாருக்கு?

பதில்: உங்களுக்குத்தான். அன்றைக்கு வேலையில்லாத பெண்களும் கூலியை இழக்கிறார்களே, அதையும் கணக்கில் சேருங்கள். அவர்களை அன்று களையெடுக்கவோ கிளை நறுக்கும் கவாத்துக்கோ மறுபக்கம் விடுங்கள்.