கிணற்றுக் கட்டில் மூன்று எண்கள்

வணக்கம் ஐயா,

என் மகள் செஞ்சிலுவைச் சங்கத்தின் முதலுதவிப் பயிற்சியை முடித்திருக்கிறாள். தொண்டராகச் சேரப்போகிறாளாம். இவருக்குத் துளியும் விருப்பமில்லை. "சுனாமிக்கு ஜீப்பில வந்து தறப்பாள் குடுத்துப் படமெடுத்துக்கொண்டு போன கூட்டம்தானே" என்கிறார். எனக்கும் ஒரு சந்தேகம். ஜெனீவாவில் இருக்கிற ஒன்று எங்கட டெங்குவுக்கும் வெள்ளத்துக்கும் என்ன செய்துவிடும்?

ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் சொல்வதை நான் மறுக்கமாட்டேன். அவருக்குச் சாட்சியாக, மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கும் எங்கள் வீட்டுக் கிணறே வரும்.

2005இல் ஒரு நிறுவனம் வந்தது. கடல் புகுந்த கிணற்றைப் பம்ப் வைத்து இறைத்து, குளோரின் போட்டு, கிணற்றுக்கட்டின் மேல் நீலப் பெயின்டால் ஒரு எண் எழுதிவிட்டுப் போனது. இரண்டு கிழமை கழித்து வேறொரு நிறுவனம், சிவப்பு எண். பிறகு மூன்றாவது. ஏற்கெனவே இரண்டு எண் கிடக்கிறதே என்று காட்டினேன். "அது அவங்கட கணக்கு, இது எங்கட கணக்கு" என்றான் பம்ப் பிடித்த பொடியன். ஒவ்வொரு முறை இறைத்த பிறகும் தண்ணீர் முன்னைவிடக் கரித்தது. தேத்தண்ணியில் பால் ஊற்றினால் திரைந்தது. பக்கத்து வீட்டு அம்மம்மா வேலிக்கு அப்பால் நின்று சொன்னார்: "கிணத்தச் சும்மா விடுங்க மனே, மாரி பெய்யட்டும்."

அவர் சொன்னதே சரி. வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணலில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. வேகமாக இறைத்தால் கீழே இருக்கும் உப்பு ஏறிவரும். நம் மாவட்டத்துக் கிணறுகளைப் பின்னர் அளந்து பார்த்த நிலத்தடி நீர் ஆய்வாளர்களும் அதைத்தான் சொன்னார்கள்: ஓயாமல் இறைப்பது உதவாது, மழைதான் உப்பைக் கழுவும். ஆனால் எந்த ஜீப்பும் அந்த வேலியோரம் நின்று கேட்கவில்லை.

நம் ஆட்கள் வெளியிலிருந்து வந்த எல்லோரையும் 'ஐசிஆர்சி' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் ஐசிஆர்சி, அதாவது சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு, 1863இல் தொடங்கியது, யுத்தத்துக்கானது. இங்கே 1989இல் வந்தது. பிரிந்த குடும்பங்களுக்கு இடையே கடிதம் கொண்டுபோனது அதன் வேலைகளில் ஒன்று. நீங்கள் கேட்கும் வெள்ளம், காய்ச்சல் எல்லாம் இன்னொரு அமைப்பின் பக்கம்: 1919இல் உருவான, ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசச் சம்மேளனம். 190க்கும் மேற்பட்ட நாடுகளின் செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்கள் சேர்ந்தது. இலங்கைச் சங்கம் 1936இல் வந்தது. அதற்கு முந்திய 1934-35 மலேரியா பரவலே அதற்குக் காரணம். ஆக, காய்ச்சலுக்கென்று தொடங்கிய சங்கத்தைத்தான் டெங்குவுக்கு என்ன செய்யும் என்று கேட்கிறீர்கள்.

(ஒரு கொசுறு: நம் மருந்துக்கடைப் பலகைகளில் தொங்கும் சிவப்புச் சிலுவை சட்டப்படி பிழை. அது பாதுகாக்கப்பட்ட சின்னம். மகள் அணியப்போவது அதைத்தான், அதனால் சொன்னேன்.)

சுனாமிக்கு உலகமே கமெராவோடு வந்தது. 2011 தை மாத வெள்ளத்துக்கு யார் வந்தார்கள்? வாவிக்கு மேற்கே படுவான்கரையில் அறுவடைக்கு நின்ற வேளாண்மை தண்ணீருக்குள் போனது. வெளியே பெரிதாகச் சத்தமில்லை. இப்படிப்பட்ட நேரத்துக்காகவே சம்மேளனம் 1985இலிருந்து ஓர் அவசர நிதி வைத்திருக்கிறது. அனுதாபம் திரளும்வரை காத்திராமல், நாட்டுச் சங்கம் கேட்டால் பணம் விடும். இப்போது புயலோ வெள்ளமோ வரும் என்ற எதிர்வுகூறலின் பேரில், வருமுன்னேயே விடுவதும் உண்டு. என் கணக்கில் ஜெனீவாவால் நமக்குப் பெரிய பயன் இதுதான். தறப்பாளை யாரும் கொடுக்கலாம்.

ஆனால் பணம் வந்தால் போதாது, வேலியோரம் யாராவது நிற்க வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் 2014இல் எபோலா பரவியபோது, உடல்களைப் பறித்துக்கொண்டு போனார்கள் என்று சனம் இறந்தவர்களை ஒளித்தது. நோய் இன்னும் பரவியது. அங்கே செஞ்சிலுவைத் தொண்டர்கள், அந்த ஊர்களின் பிள்ளைகள், குடும்பத்தோடு பேசி, தொழுகைக்கு இடம் விட்டு, பாதுகாப்பு உடையோடு அடக்கினார்கள். நமக்கு இது தூரத்துக் கதை அல்ல. கொவிட் காலத்தில் முஸ்லிம்களின் ஜனாசாக்களையும் எரிக்க வேண்டும் என்று சட்டம் வைத்தோம். அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய நிலம் திறந்தது. காத்தான்குடியில் எனக்குத் தெரிந்த ஒருவர் வாப்பாவின் சாம்பலை வாங்க மறுத்தார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது.

2017இல் நாட்டில் 186,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. சுகாதார உத்தியோகத்தர் வந்தால் வீட்டுக்காரி முன்பக்கம் கூட்டி வைப்பாள். பின்பக்கத்துச் சிரட்டையும் பழைய டயரும் எங்கே கிடக்கின்றன என்று தெரிந்தவள் அடுத்த வீட்டுப் பிள்ளை. உங்கள் மகள் அந்தப் பிள்ளையாக இருப்பாள்.

சேரட்டும். ஆனால் சில விஷயங்களைக் கேட்டுக்கொண்டு சேரட்டும்: பஸ் காசு தருவார்களா, வெள்ளத்தில் இறங்குமுன் காப்புறுதி உண்டா, கட்சிக்காரர் மேடையில் அந்தச் சின்னத்தோடு நிற்கச் சொன்னால் மறுக்கலாமா. கடைசிக் கேள்விக்கு அவர்கள் தயங்கினால் எனக்கு எழுதுங்கள்.

கிணற்றுத் தண்ணீர் இரண்டு மாரி கழித்துத் தெளிந்தது. நீல எண் மட்டும் கட்டில் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. மகள் கல்லடிப் பக்கம் வந்தால் காட்டுகிறேன்; உங்கள் கணவரையும் கூட்டி வாருங்கள், அந்தத் தண்ணீரிலேயே தேத்தண்ணி போடலாம்.