யுஎஸ்டிடி விற்ற பணம், முடங்கிய வங்கிக் கணக்கு: வள்ளியூர் வாசகருக்குப் பதில்

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு வள்ளியூர் பக்கம். தம்பி துபாயில் வேலை பார்க்கிறான். வங்கி மூலம் அனுப்பினால் பிடித்தம் போகிறது என்று இந்த முறை யுஎஸ்டிடி என்ற, டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ நாணயமாக அனுப்பினான். அதை ஒரு ஆப்பில் பி2பி முறையில், அதாவது நேராக இன்னொரு ஆளுக்கு, விற்றேன். 84,000 ரூபாய் என் கணக்குக்கு வந்தது. மூன்று வாரம் கழித்து ஏடிஎம்மில் பணம் வரவில்லை. வங்கியில் கேட்டால், வேறு மாநில சைபர் போலீஸ் சொல்லி கணக்கை முடக்கியிருக்கிறோம் என்கிறார்கள். அப்பாவின் ஆபரேஷனுக்கு வைத்திருந்த பணமும் அதில்தான் இருக்கிறது. கிரிப்டோவில் யார் எவர் என்றே தெரியாது என்பார்களே, என்னை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? நான் குற்றவாளியா? மொனேரோ என்ற வேறு கிரிப்டோவுக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லையே வராது என்று கூட்டாளி ஒருவன் சொல்கிறான். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் தம்பி. கணக்கு முடங்கியதாலேயே நீங்கள் குற்றவாளி ஆகிவிடவில்லை. உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது என்றும் இதற்கு அர்த்தம் இல்லை. உங்களுக்கு வந்த 84,000 ரூபாயோ அதில் ஒரு பகுதியோ, யாரோ ஒருவரிடம் ஏமாற்றிப் பறித்த பணம் என்று புகார் பதிவாகியிருக்கிறது. அவ்வளவுதான் இப்போதைக்கு உறுதியாகச் சொல்ல முடியும்.

போலீஸ் உங்கள் யுஎஸ்டிடியைத் தேடி வரவே இல்லை. ரூபாயைத் தேடித்தான் வந்தது. இது பெரும்பாலும் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். எங்கோ ஒரு ஊரில் ஒருவரிடம் பகுதி நேர வேலை, பங்குச்சந்தை லாபம், இல்லையென்றால் ‘டிஜிட்டல் கைது’ (போலீஸ் போல வீடியோவில் மிரட்டுவது) என்று ஏதோ ஒன்றைச் சொல்லி மோசடிக்காரன் பணம் கேட்கிறான். அதே நேரத்தில் பி2பி சந்தையில் யுஎஸ்டிடி வாங்குபவனாக உங்களிடம் வருகிறான். நீங்கள் கொடுத்த கணக்கு எண்ணை அப்படியே ஏமாந்தவருக்கு அனுப்பி, ‘இதில் போடுங்கள்’ என்கிறான். அவர் போடுகிறார். உங்கள் கைபேசியில் ‘பணம் வரவு’ என்று செய்தி வருகிறது. நீங்கள் நல்ல எண்ணத்தோடு யுஎஸ்டிடியை விடுவிக்கிறீர்கள். அவன் அதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான்.

ஏமாந்தவர் விவரம் தெரிந்து சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்தால் புகார் தேசிய சைபர் குற்றத் தளத்தில் ஏறும். அங்கிருந்து பணம் போன வழியெல்லாம் வங்கிகளுக்குத் தகவல் போகும். முதலில் பணம் விழுந்த கணக்கு முதல் அடுக்கு, அங்கிருந்து போனது இரண்டாம் அடுக்கு என்று கணக்குகள் வரிசையாக முடங்கும். இதில் கிரிப்டோவைத் துப்பறிய வேண்டிய தேவையே இல்லை. மேலப்பாளையத்தில் ஒரு கைபேசிக் கடைக்காரருக்கு, வாடிக்கையாளர் ஒருவர் யுபிஐயில் கொடுத்த பணத்தாலேயே இதே கதி நேர்ந்தது. அவர் கிரிப்டோ பக்கமே போனதில்லை.

திருட்டு நகை என்று தெரியாமல் அடகு பிடித்த கடைக்காரரின் நிலைதான் உங்களுடையதும். நகை திருட்டு நகைதான், ஆனால் அவர் திருடர் இல்லை. அதை நிரூபிக்க அவரிடம் ரசீதுப் புத்தகம் இருக்கிறது. உங்களிடம் என்ன இருக்கிறது என்பதுதான் இப்போது முக்கியம்.

நாளைக்கே வங்கிக் கிளைக்குப் போங்கள். வாய்ப்பேச்சாகக் கேட்காமல் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்: எந்த மாநிலத்தில் எந்தக் காவல் நிலையம், புகாரின் ஒப்புகை எண் என்ன, எந்தத் தேதியில் வந்த எந்தப் பரிவர்த்தனை, சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு, முடக்கச் சொன்ன கடிதத்தின் நகல். உங்கள் மனுவின் பிரதியில் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். ‘எங்களுக்கே ஒன்றும் தெரியாது, மேலிடத்திலிருந்து வந்தது’ என்று கிளையில் சொல்லக்கூடும். அப்படியும் விடாதீர்கள். புகார் எண் இல்லாமல் அடுத்த படி ஏற முடியாது.

அப்புறம் ஆவணங்கள். ஆப்பில் அந்த விற்பனையைத் திறந்தால் ஆர்டர் எண், நேரம், விலை, வாங்கியவரின் சரிபார்க்கப்பட்ட பெயர், அவரோடு நடந்த உரையாடல் எல்லாம் இருக்கும். ஒவ்வொன்றையும் முழுத் திரையாகப் படம் எடுத்து வையுங்கள். ஆர்டர் விவரத்தைக் கோப்பாக இறக்க முடிந்தால் அதையும் இறக்குங்கள். பிறகு, பணம் வந்த வரியில் இருக்கும் யூடிஆர் எண் (ஒவ்வொரு வங்கிப் பரிவர்த்தனைக்கும் உள்ள தனி எண்) தெரிகிற மாதிரி வங்கி அறிக்கை.

இங்கே பலர் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. நீங்கள் பி2பியில் விடுவித்த யுஎஸ்டிடி, எக்ஸ்சேஞ்சின், அதாவது அந்த ஆப்பை நடத்தும் கிரிப்டோ சந்தையின், உள்கணக்கிலேயே ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்கு மாறுகிறது. அது பிளாக்செயின் என்ற பொதுப் பேரேட்டில் பதிவாகாது. அதற்குச் சாட்சி அந்த ஆர்டர் எண் மட்டும்தான். உங்கள் தம்பி தன் வாலட்டிலிருந்து (கிரிப்டோ பணப்பையிலிருந்து) உங்களுக்கு அனுப்பியதுதான் பிளாக்செயினில் இருக்கும். யுஎஸ்டிடி ஓடும் பிளாக்செயின்களில் ஒன்றான டிரான் வலையில் அனுப்பியிருந்தால், ஆங்கில ‘டி’ எழுத்தில் தொடங்கும் 34 எழுத்து முகவரி இரு பக்கமும் இருக்கும். எழுத்தும் எண்ணுமாக 64 இடம் கொண்ட பரிவர்த்தனை எண்ணும் இருக்கும். அந்த எண்ணை டிரான்ஸ்கேன் தளத்தில் போட்டுப் பாருங்கள். எந்த நாள், எந்த நொடி, எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எத்தனை யுஎஸ்டிடி என்று வரும். அந்தப் பக்கத்தை அச்செடுங்கள். தம்பி துபாயில் எதைக் கொடுத்து அதை வாங்கினான் என்பதற்கான ரசீதையும் அனுப்பச் சொல்லுங்கள். சம்பளம், வாங்கியது, அனுப்பியது, விற்றது என்று சங்கிலி ஓரிடத்திலும் அறுபடாமல் இருக்க வேண்டும்.

கூட்டாளி சொன்ன மொனேரோ யோசனைக்கு இதிலேயே பதில் இருக்கிறது. பிட்காயினோ டிரானில் ஓடும் யுஎஸ்டிடியோ அநாமதேயம் கிடையாது. பெயருக்குப் பதில் முகவரி இருக்கிறதே தவிர, ஒவ்வொரு நகர்வும் எல்லோரும் பார்க்கும் பேரேட்டில் நிற்கிறது. ஒரு முகவரி யாருடையது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அவர் பழைய கணக்கு மொத்தமும் வெளிச்சத்துக்கு வந்துவிடும். சில்க் ரோடு என்ற போதைச் சந்தையை அமெரிக்க அரசு 2013-ல் மூடியது. அந்த வழக்கை விசாரித்த இரண்டு அரசு அதிகாரிகளே, கார்ல் ஃபோர்ஸ், ஷான் பிரிட்ஜஸ் என்பவர்கள், நடுவில் பிட்காயினைச் சுருட்டினார்கள். அவர்கள் மாட்டிக்கொண்டதும் அதே பேரேட்டால்தான். 2015-ல் இருவருக்கும் சிறை. அமெரிக்காவின் எரிபொருள் குழாய் நிறுவனமான கலோனியல் பைப்லைன் 2021 மே மாதம் ஹேக்கர்களுக்கு 75 பிட்காயின் கொடுத்தது. அடுத்த மாதமே அதில் 63.7 பிட்காயினை எஃப்பிஐ மீட்டது. தடம் பேரேட்டில் இருந்ததால்தான் அது முடிந்தது.

2014-ல் வந்த மொனேரோ வேறு வகை. அனுப்பியவர், பெற்றவர், தொகை மூன்றையும் வெளியார் பார்க்க முடியாதபடி மறைப்பதற்கென்றே அமைத்தது. அதைக் கண்காணிக்க முடியாது என்பதாலேயே பல எக்ஸ்சேஞ்சுகள் விலக்கிவிட்டன. பைனான்ஸ் (Binance) என்ற பெரிய எக்ஸ்சேஞ்ச் 2024 பிப்ரவரியில் நீக்கியது. சரி, நீங்கள் அதற்கு மாறினால் என்ன ஆகும்? நாணயம் எதுவானாலும் கடைசியில் அதை ரூபாயாக மாற்ற வேண்டும். யாரென்று தெரியாத ஒருவனின் பணம் அப்போதும் உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். அந்த ஆபத்து அப்படியே இருக்கும். ‘இது என் தம்பி அனுப்பியது, இதோ தடம்’ என்று காட்ட உங்களுக்கு இருக்கும் சாட்சியம்தான் காணாமல் போகும். மறைவு உங்களைக் காக்காது தம்பி. இந்தக் கதையில் அது காப்பாற்றியது மோசடிக்காரனை மட்டும்தான்.

அதற்காக, மறைவு கேட்கிறவர்கள் எல்லாம் திருடர்கள் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. டொர்னேடோ கேஷ் என்ற கலவைக் கருவியை (பலருடைய நாணயங்களைக் கலந்து தடத்தை மறைப்பது) 2022 ஆகஸ்டில் அமெரிக்கா தடைப்பட்டியலில் போட்டது. வட கொரிய ஹேக்கர்கள் திருடியதை அதில் கலக்குகிறார்கள் என்பது காரணம். அந்த ஹேக்கர்களின் கை நம் நாடு வரை நீண்டது. 2024 ஜூலையில் இந்திய கிரிப்டோ எக்ஸ்சேஞ்சான வசீர்எக்ஸிலிருந்து சுமார் 23 கோடி டாலர் போனதற்கும் அவர்களே பொறுப்பு என்று அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா மூன்றும் சேர்ந்து அறிவித்தன. ஆனால் அதே டொர்னேடோ கேஷ் வழியாகத்தான், உக்ரைனுக்குத் தான் நன்கொடை அனுப்பியதாக எத்தேரியம் என்ற கிரிப்டோ வலையை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் புட்டெரின் சொன்னார். பெற்றவர்களுக்கு ஆபத்து வரக்கூடாது என்பது அவர் கவலை. 2025 மார்ச்சில் அமெரிக்காவே அதைத் தடைப்பட்டியலிலிருந்து எடுத்தது. கருவியை எழுதியவர்களில் ஒருவருக்கு நெதர்லாந்தில் 2024-ல் 64 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. கத்தி செய்தவனையும் குத்தியவனையும் ஒரே கூண்டில் ஏற்றலாமா என்ற விவாதம் இன்னும் தீரவில்லை. தன் வாலட்டில் என்ன இருக்கிறது என்பதை ஊருக்குக் காட்டாமல் வைத்திருப்பது ஒரு மனிதனின் உரிமை என்பதுதான் என் கருத்து. ஆனால் நாணயம் ரூபாயாக மாறுகிற வாசலில் இரண்டு பக்கமும் முகம் தெரிய வேண்டும். 2023 மார்ச்சில் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகளைப் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது சரியான வேலை. நீங்கள் விற்ற ஆப் இந்திய நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவானதா என்று பாருங்கள். டெலிகிராமில் பேசி விற்றிருந்தால் உங்கள் நிலை இன்னும் சிக்கலாகியிருக்கும்.

உங்கள் ஆர்டர் படத்தில் ஒன்றை மட்டும் இப்போதே பாருங்கள். வாங்கியவரின் பெயரும், வங்கி அறிக்கையில் பணம் போட்டவரின் பெயரும் ஒன்றா? வேறு வேறாக இருந்தால், நான் மேலே சொன்னபடி ஏமாந்தவரின் பணம் நேராக உங்களுக்கு வந்திருக்கிறது. பெயர் பொருந்தாத பணத்துக்கு யுஎஸ்டிடியை விடுவிக்கவே கூடாது. ஆப்பின் விதியும் பொதுவாக அதுதான். அப்படி நடந்திருந்தால் மறைக்காமல் விசாரணை அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள். அவர் அதை எப்படியும் கண்டுபிடிப்பார். நீங்கள் முந்திக்கொண்டு சொன்னால் உங்கள் பேச்சுக்கு மதிப்பு இருக்கும்.

எல்லாவற்றையும் சேர்த்து விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் மனு அனுப்புங்கள். கேட்க வேண்டியது ஒன்றே: சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து, மீதிக் கணக்கைத் திறந்துவிடுங்கள். அப்பாவின் மருத்துவச் சீட்டையும் ஆபரேஷன் தேதியையும் இணையுங்கள். சில ஆயிரம் ரூபாய்ச் சந்தேகத்துக்கு ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பையும் பூட்டுவது அநியாயம். சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. பிஎன்எஸ்எஸ் என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 106-ஆம் பிரிவின்படி முடக்கும் அதிகாரி அதை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் இதே மாதிரி ஒரு வழக்கில், முழுக் கணக்கையும் காலவரம்பில்லாமல் முடக்கியதை ஏற்கவில்லை. சந்தேகத்துக்குரிய சுமார் இரண்டரை லட்சம் ரூபாயை மட்டும் நிறுத்திவைத்து, கணக்கை இயக்க அனுமதித்தது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். பதில் வராவிட்டால் பாளையங்கோட்டை நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அந்த மாநில மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடுவது ஒரு வழி. மதுரைக் கிளையில் ரிட் போடுவது இன்னொன்று. அப்பாவின் ஆபரேஷன் நெருங்கினால் மதுரையைத்தான் சொல்வேன்.

இதற்கிடையில் சிலர் உங்களைத் தேடி அழைப்பார்கள். ‘நான்தான் புகார் கொடுத்தவன், 40,000 அனுப்பினால் வாபஸ் வாங்குகிறேன்’ என்பான் ஒருவன். ‘போலீசில் ஆள் இருக்கிறது, கணக்கைத் திறந்து தருகிறேன்’ என்பான் இன்னொருவன். ஒரு காசு கொடுக்காதீர்கள். சமரசம் என்றால் விசாரணை அதிகாரிக்குத் தெரிந்து, எழுத்தில் இருக்க வேண்டும். பழக்கமான ஆளே கேட்டாலும், கமிஷனுக்காக உங்கள் இன்னொரு கணக்கையோ ஏடிஎம் கார்டையோ சிம்மையோ கொடுத்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் நிலைமை தலைகீழாகிவிடும். அப்போது நீங்கள் சாட்சியாக இருக்க மாட்டீர்கள்.

வரியையும் விட்டுவிடாதீர்கள். தம்பி என்பதால் அன்பளிப்பாக வந்ததற்கு வரி இல்லை. விற்றதில் லாபம் இருந்தால் அதற்கு 30 சதவீதம் உண்டு. விற்பனையில் பிடிக்கும் 1 சதவீத வரி (டிடிஎஸ்) உங்கள் பான் எண்ணில் ஏறியிருந்தால் அந்தப் பக்கத்தையும் அச்செடுத்து மனுவோடு வையுங்கள், நல்ல சாட்சி.

தம்பியிடம் மீதி யுஎஸ்டிடி இருந்தால் உங்களுக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதித்த வழிகளில் கிரிப்டோ கிடையாது. துபாயில் இதற்கென்றே 2022-ல் ‘வாரா’ என்ற ஆணையம் அமைத்திருக்கிறார்கள். அதன் உரிமம் பெற்ற இடத்தில் அவனே விற்று, திர்ஹாமைத் தன் வங்கிக் கணக்கில் வாங்கி, அங்கிருந்து தன் என்ஆர்இ (வெளிநாடு வாழ் இந்தியர்) கணக்குக்கோ முடங்காத இன்னொரு குடும்பக் கணக்குக்கோ அனுப்பட்டும். கொஞ்சம் கட்டணம் போகும். கொடுக்கச் சொல்லுங்கள்.