கொழும்புத் தொடர்மாடி வீட்டில் சுவர்க் கணப்பு: எதை வாங்குவது, எப்படி மாட்டுவது?

கேள்வி: "பம்பலப்பிட்டியில், ஆறாம் மாடியில் எங்கள் வீடு. வரவேற்பறைச் சுவரில் பொருத்தும் கணப்பு (நெருப்பிடம்) ஒன்று வைக்க ஆசைப்படுகிறோம். ரொறன்ரோவில் இருக்கும் தங்கை ஒன்றை அனுப்புவதாகச் சொல்கிறாள். எந்த வகை நல்லது? பாதுகாப்பாகப் பொருத்துவது எப்படி?"

தங்கைக்கு இன்றைக்கே அழைப்பெடுத்து, அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்றவற்றை ஆறுதலாகப் பேசலாம்.

கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. அங்கே 1500 வாட் சூடு தரும் சுருளை நம் வீட்டில் செருகினால், மின்னழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாவதால் சூடு மூன்றரை மடங்கையும் தாண்டிவிடும். கணக்குப் போட்டால் 5500 வாட் வருகிறது. உள்ளே இருக்கும் வயரும் விசிறியும் பிளாஸ்டிக்கும் அந்தச் சூட்டைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. எங்கள் வீட்டில் இது நடந்தது. சித்தப்பா கப்பலில் போட்ட பெட்டியில், உடுப்புகளுக்கும் சொக்லேட்டுகளுக்கும் அடியில், ஆசை ஆசையாக ஒன்றை வைத்து அனுப்பியிருந்தார். முள் பொருந்தவில்லை என்று அடப்டர் வாங்கிவந்து செருகினேன். அடப்டர் முள்ளின் வடிவத்தை மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. சில விநாடிகளில் உள்ளே ஒரு வெடிப்புச் சத்தம், பிறகு கருகிய நெடி. நல்லவேளையாகச் சூட்டு பொத்தானை அழுத்தியிருக்கவில்லை. விளக்குப் பலகை மட்டும் கருகியது. மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்போர்மர் ஒன்றை இடையில் வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். 1500 வாட்டைத் தாங்கக்கூடியது பாரமானது, தானும் சூடாவது. வரவேற்பறையில் வைக்கும் பொருள் அது அன்று.

எனக்கு ஏன் கணப்பு தேவைப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அப்பா நானுஓயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் 30 வருடத்துக்கு மேல் கிளாக்கராக இருந்தவர். அங்கே உத்தியோகத்தர் வீட்டில் கல்லால் கட்டிய கணப்பு இருந்தது. டிசம்பர், ஜனவரியில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும் காலங்களில், யூகலிப்டஸ் விறகு எரியும் அந்த மூலைதான் எங்கள் வீடு. சாப்பாடு, படிப்பு, கதை எல்லாமே அங்கேதான். அம்மா போன பிறகு அவரை வெள்ளவத்தைக்கு அழைத்து வந்தோம். இங்கே அவருக்கு எல்லா வசதியும் இருக்கிறது. ஆனால் பொழுது சாய்ந்தால் எந்தப் பக்கம் திரும்பி உட்காருவது என்று தெரியாமல் நாற்காலியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் சித்தப்பா பெட்டியில் கணப்பு வந்தது. அது கெட்ட பிறகும் நான் விடவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கடைக்குப் போவதற்கு முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: வேண்டியது சுடரா, சூடா? கொழும்பின் சராசரி வெப்பநிலை 27, 28 பாகை செல்சியஸ். இங்கே சூடு எவருக்கும் தேவையில்லை. குளிரூட்டியைப் போட்டுவிட்டு அதே அறையில் சூடும் போடுவது மின்கட்டணத்தை இரண்டு கைகளாலும் கொடுப்பது. எனவே சூடு தனியாகவும் சுடர் தனியாகவும் இயங்கும் மின் கணப்பே கொழும்புக்குப் பொருத்தம். அதிலும், சூட்டை நிரந்தரமாகப் பூட்டிவைக்கும் வசதி உள்ளதாகப் பாருங்கள். ரிமோட் குழந்தைகளின் கையிலும் வயதானவர்களின் கையிலும் மாறி மாறிப் போகும் பொருள். அப்பா ஒருநாள் ஒலியைக் கூட்டுவதாக நினைத்து, தொலைக்காட்சி ரிமோட் என்று இதைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தார். சூடு பூட்டியிருந்ததால் சுடரின் நிறம் மட்டும் மாறியது.

எரிவாயுவிலோ எதனோலிலோ எரியும் சுவர்க் கணப்புகளையும் விற்கிறார்கள். படத்தில் மிக அழகாக இருக்கும். தொடர்மாடிக்கு இரண்டுமே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இங்கே சிலிண்டரில் வரும் எரிவாயு காற்றை விடப் பாரமானது; கசிந்தால் தரையோடு தரையாகத் தேங்கி நிற்கும். முறையாக எரியாதபோது வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குளிரூட்டிக்காக ஜன்னலைச் சாத்திய அறையில் அது எங்கே போகும்? 2021ஆம் ஆண்டின் கடைசி இரண்டு மாதங்களில் நாடெங்கும் சமையலறைகளில் எரிவாயு வெடிப்புகள் நடந்தபோது நாம் எல்லோரும் எவ்வளவு பயந்திருந்தோம் என்பதை நினைத்துப் பாருங்கள். எதனோலின் ஆபத்து வேறு மாதிரி. பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஊற்றும்போது ஆவி பற்றி, தீ போத்தலுக்குள்ளேயே ஏறிவிடும். நீர்த்துளிப் புகையில் சுடர் காட்டும் புதுவகை மின் கணப்பும் இருக்கிறது. அது சுடாது, பார்க்கவும் அசல் போலிருக்கும். ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னும் ஈரத்தைச் சேர்க்கவும், வீட்டுக்குள் தண்ணீரைத் தேக்கி வைக்கவும் எனக்கு மனமில்லை.

மின் கணப்பில் சுடரைக் காட்டும் முறை எளிமையானது. அடியில் எல்இடி விளக்கு. அதன் முன் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள் பதித்த தண்டு ஒன்று மெதுவாகச் சுழலும். தெறிக்கும் ஒளி பின்திரையில் விழுந்து சுடராக அசையும். இந்தத் தண்டைச் சுழற்றும் மோட்டார்தான் முதலில் கிறீச்சிடத் தொடங்கும். ஆகவே கடையில் பத்து நிமிடமாவது ஓடவிட்டு, காதைக் கிட்ட வைத்துக் கேளுங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாகன இரைச்சலில் எதுவும் கேட்காது. கடைக்காரரிடம் சொல்லி உள்ளே கொண்டுபோய்ப் போடச் சொல்லுங்கள். பின்புறத் தகட்டில் 220-240 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறதா, அறைச் சூடேற்றிகளுக்கான சர்வதேச நியமமான ஐஇசி 60335-2-30 குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தானாக அணையும் நேரக்கணிப்பும், அளவுக்கு மேல் சுட்டால் தானே நிற்கும் பாதுகாப்பும் கட்டாயம் இருக்க வேண்டும். இன்னொன்றையும் கடையிலேயே சோதியுங்கள்: சூட்டைப் போட்டு, சுவரில் உள்ள சுவிட்சை அணைத்து, மறுபடி போடுங்கள். கணப்பு அணைந்தபடியே இருந்தால் வாங்குங்கள். தானாகவே சுடத் தொடங்கினால் வேண்டாம். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மின்சாரம் போன வேளையில் வெளியே கிளம்பிவிட்டால், ஆளில்லாத வீட்டில் அது திரும்பி வரும்.

சுவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் கணப்பைப் பார்க்கிறார்கள், சுவரைப் பார்ப்பதில்லை. 50 அங்குல அகலக் கணப்புகளில் பல 20 கிலோவைத் தாண்டும். அது தொங்கும் இடத்துக்குக் கீழேதான் பேரப்பிள்ளைகள் விளையாடுவார்கள். மாட்டப்போகும் இடத்தில் சிறிய துளை ஒன்று போட்டு, விழும் தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். செங்கல்லானால் சிவப்பு. சாம்பல் நிறமானால் சீமெந்துக் கல் அல்லது கொங்கிரீட். பழுப்பும் மஞ்சளுமாக மணல் போல உதிர்ந்தால் பழைய கபுக் கல் (செம்புரைக்கல்). வெள்ளைத் தூளாகவே வந்துகொண்டிருந்தால் ஜிப்சம் பலகை. சாம்பல் தூள் கொஞ்சம் விழுந்து, ட்ரில் திடீரென்று உள்ளே பாய்ந்தால் அது உட்பொள்ளலான கல். எங்கள் வீட்டில் அதுதான். பொள்ளலான கல்லில் திருகாணிக்குப் போடும் சாதாரண பிளாஸ்டிக் உறை (ரோல் பிளக்) சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. விரியும் போல்ட் இறுக்க இறுக்கக் கல்லின் மெல்லிய ஓடே உடைந்துவிடும். உள்ளே போய்ச் சிறகு விரிக்கும் போல்ட்டுகள்தான் அதற்குச் சரி. எங்கள் வயரிங் பாஸ் (மின்வேலை செய்பவர்) இன்னொரு யோசனையும் சொன்னார். கணப்பின் அகலத்தை விட நீளமான பலகை ஒன்றை ஆறு இடங்களில் இறுக்கி, அதன் மேல் தாங்கியை மாட்டினார். பாரம் இரண்டு துளைகளில் விழாமல் சுவர் முழுக்கப் பரவியது. கபுக் சுவரிலும் இதைச் செய்யலாம். ஜிப்சம் பலகையில் மட்டும், பின்னால் உள்ள சட்டத்தைத் தேடிப் பிடித்து அதில் இறுக்காமல் எதையும் தொங்கவிடாதீர்கள்.

உங்கள் வீடு கடலுக்குக் கிட்ட இருப்பதால் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளையே கேட்டு வாங்குங்கள். மரைன் டிரைவ் பக்கத்து உப்புக் காற்றில் சாதாரண ஆணி எப்படி ஆகும் என்று உங்கள் ஜன்னல் கீல்களைப் பார்த்தாலே தெரியும்.

சுவருக்குள் பதிக்கும் வகை நேர்த்தியாகத்தான் இருக்கும். ஆனால் தொடர்மாடிகளின் உட்சுவர் பெரும்பாலும் 4 அங்குலம். கணப்பின் ஆழம் 5, 6 அங்குலம் வரும். கொத்தவே இடமில்லை. கொங்கிரீட் தூணையோ பாரம் தாங்கும் சுவரையோ கொத்துவது மேலேயும் கீழேயும் வசிப்பவர்களுக்கும் கேடு. வெளியே மாட்டும் வகையை எடுங்கள். துளையிடுவதாக இருந்தாலும் தொடர்மாடி முகாமைத்துவக் குழுவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அந்தச் சுவருக்கு அப்பால் குளியலறை இருந்தால் தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்று தெரியாமல் ட்ரிலைத் தொடவே வேண்டாம். சுவிட்சுக்கு நேர் மேலும் நேர் கீழும் வயர் ஓடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மின்சார வேலை உங்களுடையதோ என்னுடையதோ அன்று. தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் உள்ள ஒருவரிடம் கொடுங்கள். ஆனால் அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும். 2000 வாட் கணப்பு ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். பழைய வீடுகளில் இருக்கும் 5 அம்பியர் வட்டமுள் செருகியில் அதைக் கொடுத்தால் சுவருக்குள் வயர் சுடும். மின்பகிர்வுப் பெட்டியிலிருந்து தனி பிரேக்கர் வைத்து, 7/0.67 வயர் (0.67 மில்லிமீட்டர் கம்பிகள் ஏழு சேர்ந்தது) இழுத்து, 13 அம்பியர் சதுரமுள் செருகி ஒன்றை இதற்கென்றே போடச் சொல்லுங்கள். எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று அவர் கருவி வைத்து உங்கள் கண்முன்னே அளக்க வேண்டும். மின்கசிவு வந்தால் தானே அணையும் ட்ரிப் சுவிட்ச் 30 மில்லிஅம்பியரில் விழுவதாக இருக்க வேண்டும். செருகி கணப்புக்கு நேர் மேலே வரக்கூடாது. சூடு ஏறும் வழி அது. பக்கவாட்டில் வையுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரை ஒரு நாளைக்கும் வேண்டாம். சூட்டைப் போடவே மாட்டோமே, பிறகு ஏன் இவ்வளவு என்று நீங்கள் கேட்கலாம். நாளைக்கு வீட்டை வாடகைக்குக் கொடுப்பீர்கள். வருகிறவர் பூட்டைத் திறப்பார்.

இடைவெளியைப் பற்றிப் பொதுவாகச் சொல்வது, முன்னால் 1 மீட்டர் வெறுமையாக இருக்க வேண்டும் என்பது. நம் ஊரில் அதை அளக்கும் விதம் வேறு. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் திரைச்சீலை அறைக்குள் ஓர் ஆள் நீளம் பறக்கும். எனவே தொங்கும் சீலையிலிருந்து அளக்காமல், ஜன்னலைத் திறந்து, பறக்கும் சீலை எட்டும் இடத்திலிருந்து அளந்தேன். கணப்பை முதலில் நினைத்த சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு மாற்ற வேண்டி வந்தது. விசேஷ நாட்களில் கட்டும் கடதாசித் தோரணத்துக்கும் இதே கணக்குத்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிள்ளைகளின் பாடசாலைக் காலுறைகள் காயாமல் கிடக்கும்போது கணப்பின் மேல் போடத் தோன்றும். ஒருபோதும் போடாதீர்கள், காற்று வெளியேறும் வழியைத் துணி மூடினால் தீப்பிடிக்கும். தொலைக்காட்சியை மேலே மாட்டுவதானால் சூடு முன்பக்கமாக வெளியேறும் வகையை மட்டும் வாங்குங்கள்.

உயரத்தை நாற்காலியில் உட்கார்ந்துதான் தீர்மானிக்க வேண்டும். அப்பாவை உட்காரவைத்து, அவர் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே சுடர் தெரியும்படி பென்சிலால் கோடு போட்டேன்.

நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ உங்களுக்கு வீடு இருந்தால் கதை வேறு. அங்கே சூடு வேண்டும். சதுர அடிக்கு 10 வாட் என்பது வழக்கமான கணக்கு, அதாவது 1500 வாட் கணப்பு 150 சதுர அடி அறைக்கு. 2000 வாட்டை நாளுக்கு 3 மணிநேரம் போட்டால் 6 அலகு, மாதத்துக்கு 180 அலகு. பாவனை கூடக் கூட அலகின் விலையும் ஏறும் நம் கட்டண முறையில் அது சிறிய தொகையாக இருக்காது.

மாட்டிய அன்று சூட்டையும் ஒருமுறை அரைமணிநேரம் போட்டுப் பாருங்கள். புதுப்பொருளின் நெடி கொஞ்சம் வரும், போய்விடும். பிறகு சுவிட்சை அணைத்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கையை எடுக்க வைக்கும் சூடானால் இணைப்பு தளர்ந்திருக்கிறது, பாஸைத் திரும்பக் கூப்பிடுங்கள். ஒரு மாதம் கழித்துத் திருகாணிகளை மறுபடி இறுக்குங்கள். விசிறி வாயில் சேரும் தூசியையும், அந்த இளஞ்சூட்டுக்காக உள்ளே குடியேறும் பல்லியையும் மாதம் ஒருமுறை, பிளக்கைக் கழற்றிவிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சுவர் என்று முடிவு செய்தபின் துளையிட்டுப் பார்த்து, தூளின் நிறத்தையும் மின்பகிர்வுப் பெட்டியில் வெற்று இடம் இருக்கிறதா என்பதையும் இங்கே எழுதுங்கள். எங்கள் பாஸிடம் கேட்டுச் சொல்கிறேன்.